பேரனுக்கு மாத்திரை கொடுத்தாச்சு... தாத்தாவுக்கு?

பண்ருட்டிக்கு மேற்கே முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே என் பெரியம்மா மகளின் வீடு இருக்கிறது. நாங்கள் சிதம்பரம் பக்கம். அங்கே வயலும் வாய்க்காலும் களிமண்ணும். அக்கா வீட்டிலோ காலை வைத்தால் பொலபொலவென்று உதிரும் செம்மணல். சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு அங்கே போனால் செருப்பைத் திண்ணையில் கழற்றிப் போட்டோமென்றால், ஊர் திரும்பும்போதுதான் அதைத் தேடுவோம்.

இப்போது அந்த வீட்டில் அக்காவின் மகன் வழிப் பேரன் வளர்கிறான். ஏழு வயது. பள்ளியில் வருடத்துக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை தருகிறார்கள், தவறாமல் மென்று விழுங்குகிறான். ஆனாலும் போன வருடம் முகம் வெளுத்து, விளையாடப் போகாமல் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தான். ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8. மலத்தைச் சோதித்தால் கொக்கிப்புழுவின் முட்டை. "மாத்திரை போட்டுமா?" என்று அக்கா என்னிடம் போனில் அழுதுகொண்டே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான், இதே கேள்வியைத் தன் ஆராய்ச்சியாகவே வைத்திருக்கும் ஒரு பெண் விஞ்ஞானி நம் வேலூரில் இருப்பது தெரிந்தது.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்தப் புழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளை தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் "வயித்துல பூச்சி", சர்க்கரை நிறையத் தின்றால் "பூச்சி வைக்கும்", ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கெண்ணெய். நாம் வளர்ந்த விதம் இதுதான். சர்க்கரைக்கும் பூச்சிக்கும் சம்பந்தம் கிடையாது. பல் கடிப்பதற்கும் அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. இரவில் ஆசனவாயில் அரிப்பு என்று பிள்ளை அழுதால் அது கீரிப்பூச்சி, அது வேறு ரகம். பாட்டிகள் நாக்குப்பூச்சி என்று சொல்லும் உருண்டைப்புழு ஒரு சாண் நீளத்துக்கும் மேல் வளரும். அதன் பெண் புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். அந்த முட்டைகள் ஈரக் களிமண்ணில் வருடக்கணக்கில் கிடந்து, கழுவாத கை வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் வாய்க்குள் போகும்.

கொக்கிப்புழுவின் வழி வேறு. அது வாய்க்காகக் காத்திருப்பதில்லை. மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் குட்டிப்புழு தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். சுள்ளென்ற வெயிலும் வறட்சியும் அதற்கு ஆகாது. மரநிழல், காற்றோட்டமான மணல், கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும். இதைப் படித்தபோது எனக்கு அக்கா வீட்டு முந்திரிக் கொல்லைதான் கண்முன் வந்தது. நம் பக்கத்தில் 'கொல்லைக்குப் போறேன்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோப்புக்கும் அதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

வெறுங்காலில் ஏறும் புழு, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, சிறுகுடலில் போய்த் தங்குகிறது. இந்தச் சுற்றுப்பயணம் தெரியவந்ததே ஒரு விபத்தால்தான். எகிப்தில் வேலை பார்த்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர், 1890களின் கடைசியில் புழுக்கள் இருந்த நீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். கை அரித்தது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் அவருடைய மலத்திலேயே முட்டை!

குடலுக்குள் வந்த புழு ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் வகை, ஒரு நாளைக்கு ஒரு புழுவுக்கு 0.03 மில்லி என்ற கணக்கில் ரத்த இழப்பை உண்டாக்குகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. ஏழு வயதுப் பிள்ளையிடமிருந்து மாதா மாதம் அரை டம்ளர் ரத்தம். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. எல்லாவற்றுக்கும் புழுவைக் காரணம் சொல்ல முடியாது, சாப்பாட்டுக் குறைதான் பெரிய காரணம். ஆனால், கொடுக்கிற கீரையையும் முட்டையையும் பாதியிலேயே பிடுங்கிக்கொள்ள உள்ளே ஒருவன் இருந்தால் என்ன செய்வது?

ஒரு துளி மலமும் ஒரு மணி நேரமும்

டாக்டர் சிதாரா அஜ்ஜம்பூர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வெல்கம் டிரஸ்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த பேராசிரியர். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சியில் உலகப் புகழ்பெற்று, 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆன ககன்தீப் காங் கட்டியெழுப்பிய அந்த ஆய்வகத்தில், சிதாரா முதலில் கையில் எடுத்தது புழுவை அல்ல. கிரிப்டோஸ்போரிடியம் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணியை. தண்ணீரில் பரவி, கைக்குழந்தைகளை வயிற்றுப்போக்கில் வாட்டி எடுக்கும் கிருமி அது. எந்த வகைக் கிருமி எந்தக் குழந்தைக்கு வருகிறது என்று மரபணு வரைக்கும் போய்ப் பார்த்தார். அங்கிருந்து மண்ணில் பரவும் குடற்புழுக்களின் பக்கம் வந்தார்.

2014-ல் அந்த ஆய்வகம் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அவரும் ஓர் ஆசிரியர். வேலூர், திருவண்ணாமலைப் பகுதி ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளின் மலத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வு. மொத்தமாகப் பார்த்தால் நூற்றுக்கு எட்டுப் பிள்ளைகளுக்கும் குறைவாகத்தான் புழு இருந்தது. ஆனால் ஒரு பள்ளியில் ஒன்றுமே இல்லை, இன்னொரு பள்ளியில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இருக்கிறது. 'சராசரி' என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தது இதைப் படித்த பிறகுதான்.

அதன் பிறகு வந்தது 'டீவார்ம்3' என்ற பெரிய ஆய்வு. இந்தியா, ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி என்று மூன்று நாடுகளில் ஒரே முறையில் நடந்தது. இந்தியப் பகுதிக்குத் தலைமை சிதாரா. இடம், சமவெளியில் திமிரி வட்டாரமும் மலையில் ஜவ்வாது மலையும். ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் பேரை வீடு வீடாகக் கணக்கெடுத்து, 40 பகுதிகளாகப் பிரித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் அதில் 20 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு முறை வீடு தேடிப் போய் அல்பெண்டசோல். 2018 முதல் மூன்று வருடம். மற்ற 20 பகுதிகளில் வழக்கம்போலப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்கு மட்டும்.

கேள்வி ஒன்றுதான். பெரியவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால், மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடம் ஆன பின்னும் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் புழு இல்லாத நிலை வருமா? அதாவது, புழு பரவும் சங்கிலியே அறுந்துபோகுமா?

சொல்வதற்குச் சுலபம். களத்தில் இறங்கினால் முதல் தடை, டப்பா. "இதுல கொஞ்சம் மலம் எடுத்துக் கொடுங்க" என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் நம் வீட்டில் என்ன நடக்கும்? நான் என் அம்மாவிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். "வேற வேலை இல்லையா உனக்கு?" என்று எழுந்து போய்விட்டார். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகளில் பேசிச் சம்மதிக்க வைத்து வாங்க வேண்டும். வாங்கினாலும் தீரவில்லை. உலகம் முழுக்கப் பயன்படும் காட்டோ-காட்ஸ் என்ற சோதனையில், ஒரு சிறு அச்சுக்குள் 41.7 மில்லிகிராம் மலத்தை அடைத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, நுண்ணோக்கியில் முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். வந்த எண்ணை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று தெரியும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. தகடு தயாரித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் முட்டை கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆக, எண்ணுகிறவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ண வேண்டும். குழந்தைகள் நலம் என்று நாம் மேடையில் பேசுவதன் அடியில், யாரோ சிலர் இப்படி நாள் முழுக்கக் குனிந்து மலத்தில் முட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணியதில் தெரிந்தது

மாத்திரை கொடுக்கத் தொடங்கும் முன்பே எடுத்த கணக்கு, என் அக்காவின் கேள்விக்குப் பாதி பதிலை வைத்திருந்தது. அந்தப் பகுதிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேருக்குக் குடற்புழு. கிட்டத்தட்ட எல்லாமே கொக்கிப்புழு. அது யாரிடம் அதிகம்? பிள்ளைகளிடம் இல்லை. வயது ஏற ஏறப் புழுவும் கூடியது. பெண்களைவிட ஆண்களிடம் கூடுதல், சமவெளியைவிட மலையில் கூடுதல். பெரும்பாலோருக்கு லேசான தொற்றுதான் என்பதால் அவர்களுக்கே தெரியாது. வயிறு வலிக்காது, வேலைக்குப் போவார்கள், வருவார்கள். விடியற்காலையில் தோப்புப் பக்கம் ஒதுங்குவார்கள்.

உருண்டைப்புழு பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் குடியிருக்கும். அதனால் பள்ளியில் மாத்திரை கொடுத்தால் அதன் சேமிப்பையே காலி செய்ததுபோல. கொக்கிப்புழுவின் சேமிப்புக் கிடங்கு பெரியவர்களின் வயிறு. 2015 பிப்ரவரியில் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் தவிர்த்து 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள், நல்ல முடிவு. ஆனால் ஐம்பது வயதுக் கொல்லைக்காரரை யாரும் கூப்பிடுவதில்லை. பேரன் மாத்திரை விழுங்குகிறான், அன்றைக்குக் குடலில் இருந்த புழு செத்து வெளியேறுகிறது. மாத்திரை அன்றைய புழுவைக் கொல்லும், நாளைக்குக் காலில் ஏறப்போவதைத் தடுக்காது. மறுநாள் அவன் தாத்தாவின் பின்னாலேயே வெறுங்காலில் முந்திரி பொறுக்கப் போகிறான்.

நம் ஊர்ப் பக்கமே இதற்கு முன்னோட்டம்போல ஒன்று நடந்திருக்கிறது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம் 1993-ல் இரண்டாகப் பிரிந்து, திருக்கோவிலூர் விழுப்புரத்தோடு போயிற்று. கடலூரில் கடலைத் தொடும் அதே தென்பெண்ணை ஓடும் ஊர்தான். அங்கே மதுரையில் இருந்த ஐ.சி.எம்.ஆரின் பூச்சியியல் ஆய்வு மையத்தினர் யானைக்கால் நோயை ஒழிக்க ஊருக்கே மருந்து கொடுத்து ஆராய்ந்தார்கள். டி.ஆர்.மணி, ஆர்.ராஜேந்திரன் போன்றோர் இருந்த குழு அது. யானைக்காலுக்கு டி.இ.சி மாத்திரை. 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் போன எல்லாப்ரகடா சுப்பாராவின் தலைமையில் உருவான மருந்து. அதோடு அல்பெண்டசோலையும் சேர்த்துக் கொடுத்தால், பிள்ளைகளின் குடற்புழு எவ்வளவு குறைகிறது என்று மணி குழுவினர் பார்த்து, 2002-லும் 2004-லும் எழுதினார்கள். டி.இ.சி மட்டும் தந்ததைவிட, இரண்டையும் சேர்த்துத் தந்த இடங்களில் நன்றாகவே குறைந்திருந்தது. யானைக்காலுக்காக ஊர் முழுக்க மென்ற மாத்திரை, பிள்ளைகளின் குடலையும் சுத்தம் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

மாத்திரையால் பிள்ளை கொழுக்குமா?

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். பூச்சி மாத்திரை கொடுத்தால் பிள்ளை உடனே எடை போடும், உயரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. லக்னோவின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஷாலி அவஸ்தி இதைச் சோதித்தார். உத்தரப் பிரதேசத்தின் 72 வட்டாரங்களில், அங்கன்வாடிகள் வழியாக, 1 முதல் 6 வயது வரையிலான சுமார் 10 லட்சம் குழந்தைகள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்பெண்டசோல், ஐந்து வருடங்கள். 2013-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. புழு குறைந்தது உண்மை. ஆனால் எடையிலும் இறப்பிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்த மாத்திரையின் பலனை நம்பியே முன்பு எழுதியிருந்தவர் அவர். தன் நம்பிக்கைக்கு எதிராக வந்த கணக்கையும் அப்படியே எடுத்து வெளியிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

மறுபக்கம், கென்யாவில் பள்ளிகளில் மாத்திரை கொடுத்த மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகுவெலும், பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நிற்பது கால்வாசி குறைந்ததாக 2004-ல் எழுதினார்கள். கிரெமர் பிறகு 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். 2015 வாக்கில் அறிஞர்களுக்குள் இதைப் பற்றி நடந்த சண்டைக்கு 'புழுப் போர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

எனக்குப் புரிந்தவரையில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. புழு கொஞ்சமாக இருக்கும் பத்து லட்சம் பேரில் சராசரி எடுத்தால் பலன் கண்ணில் படாது. ஆனால் எல்லாப் புழுவும் எல்லோர் வயிற்றிலும் சமமாக இருப்பதில்லை. ஊரில் ஒரு சிலரிடம்தான் மூட்டை மூட்டையாக இருக்கும். அந்த ஒரு பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், சராசரியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய?

நூறு வருடத்துக்கு முன்பே இதைச் சொன்னவர் ஒருவர் உண்டு. ஆசா சாண்ட்லர் என்ற அமெரிக்கர். 1924 முதல் 1927 வரை கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருந்துகொண்டு இந்தியாவெங்கும் கொக்கிப்புழு ஆய்வு நடத்தினார். எத்தனை பேருக்குப் புழு என்று எண்ணாதீர்கள், ஒருவரிடம் எத்தனை புழு என்று எண்ணுங்கள் என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். அதே 1920களில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியிருந்தார்கள். அப்போதைய மருந்துகள் வயிற்றைப் புரட்டும் ரகம். இன்றைக்கு இருப்பது இனிப்பான, மெல்லும் மாத்திரை. ஆனால் அன்றைக்கு அவர்கள் முட்டிக்கொண்ட சுவர் அப்படியே இருக்கிறது: கழிப்பறை.

அது அக்கா வீட்டிலும் இருக்கிறது. அரசு மானியத்தில் கட்டியது. மழைக்காலத்தில் விறகும், அறுவடைக் காலத்தில் முந்திரிக்கொட்டை மூட்டையும் அதற்குள் இருக்கும். பெண்கள் பயன்படுத்துகிறார்கள். அக்காவின் கணவர், "அடைச்ச இடத்துல எனக்கு வராது" என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிப்ரவரி 10-லும் ஆகஸ்ட் 10-லும், அல்லது உங்கள் ஊரில் அதையொட்டி அறிவிக்கும் நாளிலும், பிள்ளையைப் பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ கட்டாயம் அனுப்புங்கள். அன்று விட்டுப்போனால் சில நாள் கழித்து வரும் விடுபட்டோருக்கான முகாமில் வாங்கலாம். ஒன்று முதல் இரண்டு வயது வரை பாதி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து தர வேண்டும். அதற்கு மேல் 400 மில்லிகிராம் முழு மாத்திரை. மூன்று வயது வரை அதையும் பொடித்துத் தண்ணீரில் கலந்து தர வேண்டும், அதற்கு மேற்பட்டவர்கள் நன்றாக மெல்ல வேண்டும். காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் அன்று தராமல் சொல்லிவிடுங்கள். புழு அதிகம் இருந்த பிள்ளைக்குக் கொஞ்சம் வயிற்று வலி, குமட்டல் வரலாம், பயப்பட வேண்டாம். ரத்தசோகை இருந்தால் பூச்சி மாத்திரை மட்டும் போதாது, இரும்புச்சத்து மருந்தும் மருத்துவர் சொல்லும் காலம் வரை வேண்டும். பெரியவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பமாக இருந்தால், முக்கியமாக முதல் மூன்று மாதம், கேட்காமல் தொடக்கூடாது. பிறகு செருப்பு. சிதம்பரம் பக்கத்துக் களிமண்காரர்களுக்குச் செருப்பைவிடவும் சோப்பு முக்கியம்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் மூன்று மாதம் இரும்புச்சத்து டானிக் குடித்து, ஹீமோகுளோபின் 11-க்கு வந்திருந்தான். பூவரச மரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அக்கா தன் கணவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போயிருக்கிறாள். சோதித்ததில் அவருக்கும் இருந்தது. மாத்திரையை வாங்கி மென்றுவிட்டு, "மிட்டாய் மாதிரி இருக்கு, இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்" என்றாராம்.

கழிப்பறைக்குள் இன்னும் இரண்டு மூட்டை இருந்தது. நான் இருந்த இரண்டாம் நாள் காலையில் அக்கா அதை இழுத்து வந்து தாழ்வாரத்தில் போட்டாள். மாமா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். பேரன் பின்னாலேயே ஓடி, "தாத்தா, செருப்பு!" என்று ஒரு ஜோடியைத் தூக்கிப் போட்டான். மாமா திரும்பி நின்று, மாட்டிக்கொண்டு போனார். பக்கம் மாற்றித்தான் மாட்டியிருந்தார்.